ஒட்டாமல் அனுப்பிய ஆட்டங்கள்

வெள்ளிமலை
2.2.2025

அன்புள்ள மாமாவுக்கு வெங்கடேசன் எழுதுவது.

நீங்கள் சுகமா? ஆண்டாள் அக்காவுக்கு இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர்தான். இரண்டு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே வந்து ரேஷன் கடையைத் திறந்து ஒரு மாதம் ஆகிறது. கைரேகை வைக்கிற மெஷினுக்கு டவர் எடுக்காது. கடைக்குப் பின்னால் ஒரு பாறை. அதன் மேல் ஏறி மெஷினைத் தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு வரும். சனங்கள் வரிசையாக ஏறி விரலை வைத்துவிட்டு, இறங்கி வந்து அரிசி வாங்குகிறார்கள். அந்தப் பாறையில் நின்றுகொண்டு உங்களோடு போனில் கபடி பேசினால் என்னை அப்படியே உருட்டி விடுவார்கள். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் வந்திருக்க மாட்டேன், வந்தால் அக்கா பெண் பார்க்க இழுத்துப் போவாள். ஆனால் திருக்கோவிலூர் ஆட்டத்தை விட்டுவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பதினேழு வருஷமாக உங்கள் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவன் நான். யார் ஜெயித்தது? தமிழழகன் எத்தனை பேரைத் தொட்டான்? மைக்கில் சொல்கிற மாதிரியே எழுதுங்கள்.

எழுதி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் கண்டக்டர் பழனியிடம் கொடுத்தால் போதும். இங்கே பஸ் நிற்கிற இடத்தில் மரவள்ளிக் கிழங்கு எடை போடுகிற கொட்டகை இருக்கிறது, அங்கே வைத்துவிட்டுப் போவார். கவரை ஒட்டாதீர்கள். அவருக்கும் கபடிப் பைத்தியம் உண்டு. படிக்கக் கிடைத்தால்தான் பத்திரமாகக் கொண்டு வருவார்.

அக்காவுக்கு என் அன்பு. பதிலுக்குக் காத்திருக்கும்,
வெங்கடேசன்


நைனார்பாளையம்
23.2.2025

மாப்பிள்ளை வெங்கடேசனுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் அக்காவுக்கு இருமல் விட்டது. கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் இன்னும் வரவில்லை.

பொங்கல் ஆட்டத்தில் நாம்தான் ஜெயித்தோம். ஒரு பாயிண்ட்.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன் என்று கோபிக்காதே. எழுத ஒன்றுமில்லை. எனக்குக் கபடியில் ஆசை விட்டுப்போய்விட்டது. போன ஞாயிறு மைதானத்துக்குப் போனேன். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். ஒருத்தன் மூச்சு விடாமல் போகிறான், ஏழு பேர் அவனை அமுக்குகிறார்கள், எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்கிறார்கள். இதற்கா இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினோம் என்றிருந்தது. எழுந்து வந்துவிட்டேன். மைக்கை நாராயணசாமியிடம் கொடுத்தாகிவிட்டது.

வீட்டிலும் உட்கார முடியவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் போகிறேன், வருகிறேன், மறுபடியும் போகிறேன். உன் அக்கா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இனிமேல் ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

வீரமுத்து


வெள்ளிமலை
2.3.2025

மாமாவுக்கு,

உங்களுக்கு ஆசை விட்டுப்போச்சா? அதை நான் நம்ப வேண்டுமா? அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டம் பார்க்க ஓடியவர் நீங்கள். எங்கள் அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். வெயில் ஏறுகிறது, மோர் குடியுங்கள், சரியாகும்.

மாமா, விளையாட்டை விடுங்கள். இங்கே நாலு மணிக்குக் கடையைச் சாத்தினால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. எல்லாரும் காட்டுக்கும் கொல்லைக்கும் போய்விடுகிறார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்காருவது? ஒரே ஒரு ஆட்டம் எழுதுங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம், எனக்காகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். தமிழழகன் ஆடுவதைப் படித்தால் எனக்கு ஒரு வாரம் ஓடிவிடும்.

இப்படிக்கு, உங்களைத் தொல்லை செய்ய உரிமை உள்ள ஒரே மச்சான்,
வெங்கடேசன்


நைனார்பாளையம்
16.3.2025

மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

நாங்கள் சௌக்கியம். உன் தொல்லை தாங்காமல் போன ஞாயிறு மைதானத்துக்குப் போனேன். சின்னசேலத்தோடு ஆட்டம். கேள்.

முதல் பாதியில் நாம் ஒன்பது பாயிண்ட் பின்னால். நம் பிள்ளைகள் முகத்தில் ஈ ஆடவில்லை. பதினோராம் நம்பர் பனியன் தமிழழகன் எழுந்தான். மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தான். பாடிப் போனான். சின்னசேலத்தில் ஒரு நெட்டைப் பையன், கணுக்காலைக் குறி வைத்துக் காத்திருக்கிறான். தமிழழகன் அவனைப் பார்க்காத மாதிரி பார்த்தான். இடப் பக்கம் சாய்ந்தான், அத்தனை பேரும் இடப் பக்கம் வந்தார்கள், இவன் வலக்காலை நீட்டி ஒருத்தனைத் தொட்டு, குனிந்து ஒருத்தனைத் தொட்டு, பிடிக்க வந்த இரண்டு பேர் தலையைக் காலால் உரசிக்கொண்டு ஒரே தாவு. வந்து விழுந்தது நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம். நாலு பேர் வெளியே. கூட்டம் எழுந்து நின்றது.

எழுந்தவன் இரண்டு முட்டியையும் தட்டிவிட்டுக்கொண்டு நின்றான். முட்டிக்கு ஒன்றுமில்லை. நன்றாக நடந்தே போனான். கடைசியில் ஆறு பாயிண்டில் ஜெயித்தோம்.

போதுமா? தாடியை எடு. பெண் வீட்டார் போட்டோ கேட்கிறார்கள்.

அன்புடன்,
வீரமுத்து


வெள்ளிமலை
23.3.2025

அன்பு மாமாவுக்கு,

தாடியை எடுத்துவிட்டேன், போதுமா? இங்கே நலம், உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ரொம்ப நலம்.

என்ன எழுத்து மாமா. அந்தத் தாவலை மூன்று தரம் படித்தேன். பழனி பஸ்ஸிலேயே படித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான். "யாருங்க அந்தப் புள்ள? ஒருநாளு லீவு போட்டுட்டு வந்து பாக்கணும்" என்றார். ஆசை விட்டுப்போனவர் எழுதுகிற எழுத்தா இது? நடிக்காதீர்கள்.

இனி மாதம் இரண்டு ஆட்டமாவது வேண்டும். அக்காவின் சமையல் எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள், இங்கே நான் சமைப்பதை நானே தின்கிறேன்.

வெங்கடேசன்


நைனார்பாளையம்
14.4.2025

தம்பி வெங்கடேசனுக்கு அக்கா ஆண்டாள் எழுதுவது.

புது வருஷப் பிறப்பன்று நீ இல்லாமல் பாயசம் வைத்தேன். உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். உனக்கு மட்டும்.

உன் மாமா இதுவரை உனக்கு மூன்று ஆட்டம் எழுதியிருக்கிறார். ஒட்டாமல் கட்டிலில் கிடந்ததால் நானும் படித்தேன். தம்பி, அவர் மைதானத்துப் பக்கம் போய் இரண்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை கரும்புக் கொல்லையில் வரப்பின் மேல் உட்கார்ந்து அதை எழுதுகிறார். எல்லாம் அவராக எழுதுவது.

அந்தப் பிள்ளை தமிழழகன் இப்போது ஆடுவதே இல்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்தேன், உன் கடிதத்தைப் பார்த்தால் தெரியவில்லை என்று புரிகிறது. பொங்கல் ஆட்டத்தில் கடைசியில் விழுந்து வலது முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் காட்டினார்கள். நடக்கலாம், இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பங்குனி கடைசியில் ஊரை விட்டுப் போய்விட்டான். உறவுக்காரர் யாரிடமோ வேலைக்கு என்று அவன் அம்மா சொன்னாள்.

உன் மாமா ஏன் இப்படிப் பொய்யாக எழுதுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் எழுந்து வெளியே போகிறார். சாப்பிடும்போதுகூட நடுவில் எழுந்து நடக்கிறார். எழுதும்போது மட்டும்தான் ஓர் இடத்தில் உட்காருகிறார். அதனால் நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எழுதட்டும்.

பயமாக இருக்கிறது தம்பி. நீ உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


வெள்ளிமலை
4.5.2025

மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று வழக்கமாகக் கேட்பேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

அக்கா எனக்கு எழுதியிருந்தாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்றாள். நானும் அப்படித்தான் இருக்க நினைத்தேன். ஆனால் இப்போது சொல்லாமல் இருக்க முடியாது.

நேற்று உங்கள் நாலாவது ஆட்டத்தை வாங்கக் கிழங்குக் கொட்டகைக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத் தமிழழகன் உட்கார்ந்திருந்தான். முட்டியில் பெல்ட் கட்டியிருந்தான். கொட்டகை அவன் சித்தப்பாவுடையதாம். பதினைந்து நாள் சேலம் மண்டிக்குப் போயிருந்தானாம், இப்போது இங்கேயே இருக்கிறான். கையில் உங்கள் கடிதத்தை வைத்திருந்தான். ஒட்டாத கவர்தானே, படித்துவிட்டான். முந்தைய ஆட்டங்களைப் பற்றியும் பழனி ஒன்று விடாமல் அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் யார் என்று பழனிக்குத் தெரியாது.

கடிதத்தை நீட்டிக்கொண்டே சொன்னான்: "நான் இங்க எடை போட்டுக்கினு இருக்கேன்ணா, அங்க ஆடிக்கினும் இருக்கேன். இந்த ஆட்டத்துல பன்னெண்டு பாயிண்டு எடுத்துருக்கேன் பாருங்க."

சிரித்தான் மாமா. ஆனால் அது சிரிப்பு மாதிரி இல்லை. நான் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதுவரை நான்தான் ஆட்டம் வேண்டும் வேண்டும் என்று உங்களைப் பிடுங்கினேன். என்ன நடந்தது என்று நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டாலும் நீங்கள் என் மாமாதான்.

வெங்கடேசன்


நைனார்பாளையம்
15.6.2025

மாப்பிள்ளை வெங்கடேசனுக்கு,

ஆறு வாரம் ஆகிவிட்டது. உன் அக்கா சுகம். கரும்பு வெட்டி அனுப்பியாகிவிட்டது. இந்தக் கடிதத்தை ஒட்டியிருக்கிறேன்.

பொங்கல் ஆட்டத்தில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. திருக்கோவிலூர் இருபத்தேழு, நாம் இருபத்தாறு. தமிழழகன் பாடிவிட்டு வந்து வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையைத் தூக்கினான். வெளியே வருகிறேன் என்று அர்த்தம். மாற்று ஆட்டக்காரன் எழுந்து பனியனை இழுத்து விட்டுக்கொண்டான். நான் பார்த்தேன். எல்லாரையும் விட நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு மைக்கில் சொன்னேன்: "முட்டி வலிக்குதாம். பொங்கச் சோறு தின்ன ஒடம்புக்கு முட்டி வலிக்குமா? போ தம்பி, ஒரே ஒரு பாட்டு. ஊரு மானம் உங்கிட்ட இருக்குது."

கூட்டம் சிரித்தது, விசிலடித்தது. அவன் என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். கையை இறக்கினான். போனான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது காலைப் பிடித்தார்கள். ஊர்ந்தே வந்து கோட்டைத் தொட்டான். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். அவன் கத்தியது மைக்கில் கேட்டது. நான் அணைக்க மறந்துவிட்டேன்.

ஊரில் ஒருத்தரும் என்னைக் குறை சொல்லவில்லை. விளையாட்டில் அடிபடுவது சகஜம் என்கிறார்கள்.

இதையும் கேள். ஆசை பொங்கலோடு போகவில்லை. தீபாவளிக்கு முன்பிருந்தே எனக்கு ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக மைக் பிடித்தவன் அலுத்துப்போச்சு என்று யாரிடம் சொல்வது? சொன்னால் நான் யார்? அதனால் முன்னைவிடச் சத்தமாகக் கத்தினேன். அன்றைக்கும் என்னால் உட்கார முடியவில்லை. எப்போது முடியும் என்றிருந்தது. நான் கத்தியது அவனுக்காக இல்லை, ஊருக்காகவும் இல்லை. எனக்கு அலுத்துப்போனது எனக்கே தெரியக்கூடாது என்று கத்தினேன். அதற்கு அவன் முட்டி போய்விட்டது.

நீ ஆட்டம் கேட்டபோது, அவன் இல்லாமல் எழுதக் கை வரவில்லை. எழுதினால் அவன் ஓடினான். அதனால் எழுதினேன்.

அவனிடம் இதைச் சொல்லலாமா என்று நீயே முடிவு செய். எனக்குத் தைரியமில்லை.

வீரமுத்து


வெள்ளிமலை
29.6.2025

மாமாவுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே இரண்டு நாளாக மழை.

நீங்கள் ஒட்டி அனுப்பிய கடிதத்தைக் கொட்டகையில் தமிழழகன்தான் எடுத்துக் கொடுத்தான். "ஒட்டிருக்குதுண்ணா. அப்ப இது என்னப் பத்திதான்" என்றான். அங்கேயே நின்று படித்தேன். படித்துவிட்டு அவன் கையில் கொடுத்தேன். தப்பாக இருந்தால் என்னைத் திட்டுங்கள். அவன் படித்துவிட்டு ஒரு மணி நேரம் கிழங்கு எடை போட்டான். நாலு நாள் கழித்து இதோடு இருக்கும் தாளைக் கொடுத்தான். நான் படிக்கவில்லை.

ஆவணியில் ஊருக்கு வருகிறேன். அக்காவிடம் சொல்லுங்கள், பெண் பார்க்கவும் வருகிறேன்.

வெங்கடேசன்


வெள்ளிமலை
28.6.2025

வீரமுத்து பெரியப்பாவுக்குத் தமிழழகன் வணக்கம்.

நீங்களும் பெரியம்மாவும் நல்லா இருக்கணும். எனக்குக் கால் பரவாயில்லை. படி ஏறும்போதுதான் வலி. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பார்க்காதீர்கள்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன். பொய். கோபம் இருந்தது. தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் இருந்தது. உங்கள் குரல் மாதிரி யாராவது பேசினால் எழுந்து போய்விடுவேன். இங்கே வந்து பழனி அண்ணன் உங்கள் ஆட்டத்தைச் சொன்னபோது அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. ஆனால் அடுத்த கடிதம் எப்போது வரும் என்றும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கும் ஆட்டம் அலுத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது பெரியப்பா. யாரிடமும் சொல்லவில்லை. நான் நிறுத்தினால் நீங்கள் மனம் உடைந்து போவீர்கள் என்று பயம். நான் களத்தில் இறங்கினாலே உங்கள் குரல் மாறும், அது எனக்குத் தெரியும். அன்றைக்கு முட்டி வலித்தது நிஜம். ஆனால் கையைத் தூக்கியது வலிக்காக மட்டும் இல்லை. அன்றோடு போதும் என்றுதான் தூக்கினேன். அப்போது உங்கள் குரல் கேட்டது. இவருக்கு இன்னும் இவ்வளவு ஆசை இருக்கிறதே என்று நினைத்துப் போனேன்.

இத்தனை ஆட்டம் பொய்யாக எழுதினீர்கள். இன்னும் ஒன்று எழுதுங்கள். பொங்கல் ஆட்டம். நான் கையைத் தூக்கிய இடத்திலிருந்து.

தமிழழகன்


நைனார்பாளையம்
13.7.2025

அன்புள்ள தமிழழகனுக்கு வீரமுத்து எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். உன் அம்மாவை நேற்று பார்த்தேன். நீ சனிக்கிழமை போன் செய்தாயாமே, சந்தோஷமாக இருந்தாள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கொல்லையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இப்போது வரப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கல். மாலை நாலே முக்கால். திருக்கோவிலூர் இருபத்தேழு, நைனார்பாளையம் இருபத்தாறு. இன்னும் மூன்று நிமிடங்கள். பதினோராம் நம்பர் பனியன் தமிழழகன் பாடிவிட்டுத் திரும்புகிறார். வலது முட்டியைப் பிடிக்கிறார். கையைத் தூக்குகிறார்.

நான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகிறேன். சொன்னது இதுதான்: "தமிழழகன் கையத் தூக்கிட்டாரு. வா தம்பி. வந்து உக்காரு. போதும்."

கூட்டத்தில் நாலைந்து பேர் என்னைத் திட்டினார்கள். இன்னா பெரியவரே, ஜெயிக்கிற நேரத்துல என்றார்கள். நாராயணசாமி மைக்கைப் பிடுங்க வந்தார். நானே கொடுத்துவிட்டேன். மாற்று ஆட்டக்காரன் உள்ளே போனான். நீ நடந்து வந்தாய். கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான், ஆனால் உன் காலில் நடந்து வந்தாய். என் பக்கத்தில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரை முழுதும் குடித்தாய்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்தோம். "எப்படி இருக்குது?" என்று கேட்டேன். "சப்புனு இருக்குது பெரியப்பா" என்றாய். எனக்கும்தான் என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முடிய இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, ரோட்டோரத்தில் கரும்புச் சாறு குடித்தோம். பின்னால் விசில் சத்தம் கேட்டது. யார் ஜெயித்தது என்று நாம் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை எழுதியதால் உன் ஜவ்வு ஒட்டப்போவதில்லை, தெரியும். நான் செய்தது செய்ததுதான். இனி ஆட்டம் எழுத மாட்டேன், இதுதான் கடைசி. ஒருநாள் அங்கே வந்து உன்னோடு உட்கார வேண்டும் என்றிருக்கிறது. வரலாம் என்றால் பழனியிடம் சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றாலும் சொல்லி அனுப்பு, நான் தாங்கிக்கொள்வேன்.

கடிதத்தை ஒட்டவில்லை. பழனியும் படிக்கட்டும். நான் மைக்கில் சொல்லாததை யாராவது ஒருத்தர் பஸ்ஸில் சத்தமாகப் படித்தால் நல்லது.

உன்,
வீரமுத்து பெரியப்பா